ரெண்டாவது கிட்டாரைக் கொஞ்சம் குறைங்க

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவள் என் மனைவி. அன்றைக்கு இணைப்பைப் புரட்டியவள், "உங்க ஆளுங்க போட்டோ வந்திருக்கு, கலர்ல" என்று சொல்லி அதை என் மடியில் போட்டாள். அரைப் பக்கம். நாலு பேரும் ஏதோ ஒரு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். யாரும் நரையை மறைக்கவில்லை. அந்த நரையும் படத்தில் நன்றாகத்தான் இருந்தது. அவர்களுடைய எட்டாவது ஆல்பம் வெளிவந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வேலையா என்று வியந்து வியந்து எழுதியிருந்தார் விமர்சகர். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரையில் நாசூக்கெல்லாம் பார்க்கப் போவதில்லை.

அந்தக் குழுவை ஆரம்பித்த நாலு பேரில் நானும் ஒருவன். கல்லூரி முடித்த வருடம், திருவானைக்காவலில் ஒரு மாடி அறையைப் பிடித்து, சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, வெளியே சத்தம் போகாது என்று நம்பிக்கொண்டு வாசித்தோம். போனது. எதிர்வீட்டு மாமி ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "ஏம்ப்பா, உங்கள்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். பாட்டு அப்படி. சைகடெலிக் ராக் என்பார்கள். ஒரு பாட்டு பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் ஓடும். ஓசை நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றி வரும். கேட்கிறவருக்குத் தரை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்க வேண்டும். பாடகன் பாடிக்கொண்டே முதல் கிட்டார் வாசிப்பான், மெட்டு அவன் கையில். அந்த மெட்டைச் சுற்றி எதிரொலியும் குழைவுமாக வளைய வருவது ரெண்டாவது கிட்டார். தலை சுற்ற வைக்கும் வேலை முழுக்க அதனுடையது. அதை வாசித்தவன் நான்.

மூன்று வருடம் வாசித்தேன். பிறகு துவாக்குடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஷிப்ட் வேலை, ஒத்திகைக்கு வர முடியாது. எது வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, வேலை என்றேன். என்னை யாரும் வெளியே தள்ளவில்லை. பொறாமைப்பட எனக்கு ஒரு நியாயமும் கிடையாது என்பது முதலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் இடத்துக்கு வந்தவர் பாய். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. குவைத்தில் ஆறு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் அங்கிருந்து நகையும் டி.வி.யும் கொண்டு வந்தபோது இவர் ஒரு கிட்டாரும், அதன் ஓசையை வளைக்கும் மூன்று பெடலும் தூக்கிக்கொண்டு வந்தாராம். இன்றைக்கும் பகலில் ஏ.சி. பழுது பார்க்கிறார். நேரில் 'வாங்க பாய், உக்காருங்க பாய்' என்பேன். மனதுக்குள் இத்தனை வருடமும் அவர் எனக்கு 'அவன்'தான்.

குழுவில் என் பட்டப்பெயர் காது. ஒரு கம்பி மயிரிழை இறங்கியிருந்தாலும் எந்தக் கம்பி என்று சொல்லிவிடுவேன். விலகிய பிறகும் அந்த மரியாதை போகவில்லை. ஒவ்வோர் ஆல்பமும் வெளிவருவதற்கு முன்னால் பாடகன் அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். "காதுகிட்ட போட்டுக் காட்டாம வெளிய விடக்கூடாது" என்பது அவர்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கூடத்தில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களில் போடுவான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். மனைவி வாழைக்காய் பஜ்ஜி போடுவாள். முடிந்ததும் டிரம்ஸ் எங்கே அவசரப்படுகிறது, எந்த வரியில் குரல் கம்முகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். சரியாகத்தான் சொல்வேன். அப்புறம் பாடகன் செருப்பை மாட்டும் நேரத்தில், அப்போதுதான் ஞாபகம் வந்தவன் மாதிரி, "ரெண்டாவது கிட்டாரைக் கொஞ்சம் குறைங்க" என்பேன்.

ஏழு ஆல்பம், ஏழு தடவை. ஏழு தடவையும் குறைத்தார்கள். குறைக்க வேண்டிய அவசியம் ஒரு தடவைகூட இருந்ததில்லை. அவன் வாசிப்பு கூடத்தில் எழும்பும்போதெல்லாம் என்னால் உட்கார முடியாது, அவ்வளவுதான். வெளிவந்த பிறகு அதே பாட்டைக் கேட்பேன். அந்தக் கிட்டார் குரலுக்குப் பின்னால் எங்கோ ஈரத்துணி போட்டு மூடிய மாதிரிக் கிடக்கும். அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

இந்த எட்டாவது ஆல்பத்தோடு பாடகன் வரவில்லை. ஆல்பம் முடிந்ததையே எனக்கு யாரும் சொல்லவில்லை. பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "உங்ககிட்ட போட்டுக் காட்டலையா?" என்று மனைவி கேட்டாள். "வேலையா இருந்திருப்பான்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பாராட்டு வந்ததே, பாருங்கள். ஓர் ஆங்கிலப் பத்திரிகை ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் போட்டது. ஏதோ ஒரு பையன் யூடியூபில் ஆல்பத்தை முழுக்கக் கேட்டபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். தொழிற்சாலை கேன்டீனில், பொங்கலையும் கேசரியையும் தவிர வேறு எதையும் பற்றிப் பேசி நான் கேட்டிராத ஒரு ஜூனியர், "சார், நீங்க அந்த க்ரூப்ல இருந்தீங்களாமே, நெஜமாவா?" என்றான். நெஜமாவா! சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் பாட்டை முணுமுணுத்தார்கள். நான் ஏற வேண்டிய ஒண்ணாம் நம்பர் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தப் பெண்களை முறைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள் என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். ரெண்டாவது கிட்டார். இந்த ஆல்பத்தின் உயிரே ரெண்டாவது கிட்டார்தான், இத்தனை வருடம் இந்த மனிதரை ஏன் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று ஒருத்தர் விடாமல் எழுதினார்கள். படிக்கப் படிக்க எனக்குக் காந்தியது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க காதுல வர்ற புகைல சீரியல் தெரியல" என்றாள் மனைவி.

ஆல்பத்தை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். போட்டுக் காட்டாதவர்களின் பாட்டை நானே தேடிப்போய்க் கேட்டேன் என்றால் மானம் என்ன ஆவது? என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு இயர்போன் வாங்கிப் பையில் ஒளித்து வைத்தேன். சாயங்காலம் மனைவி கோயிலுக்குப் போனதும் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் பாட்டைப் போட்டேன்.

பாட்டு மொத்தமும் ஒரு பக்கமாகவே கேட்டது. குரல், டிரம்ஸ், பேஸ், முதல் கிட்டார் எல்லாம் வலப்பக்கம். இடப்பக்கம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி இசையில் ஓசையை அப்படி ஒதுக்கி வைத்து விளையாடுவது உண்டு, அதனால் சந்தேகப்படவில்லை. ரெண்டாவது கிட்டாருக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. இரண்டாவது பாட்டிலும் வரவில்லை. ஒன்பது பாட்டும் முடிந்தன. ஒன்றிலும் அவன் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். விஷயம் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அவனைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு விமர்சகர் கேட்காமலேயே ரெண்டாவது கிட்டார் ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிறார், மற்றவர்கள் ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள். காது உள்ள ஒரே ஆள் நான். என்னிடம் காட்டாததற்குக் காரணமும் அதுதான், கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம். இவ்வளவும் இரண்டே நிமிடத்தில் என் தலைக்குள் ஓடி முடிந்தது.

உள்ளூரிலிருந்து வரும் ஒரு மாத இதழில் நான் இசை பற்றி எழுதுவது உண்டு. சின்னப் பத்திரிகைதான், ஆனால் அதைப் படிக்கிறவர்கள் கூர்ந்து படிப்பார்கள். அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஆல்பம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, சத்திரத்திலிருந்து கிளம்பும் காலேஜ் டயத்து டவுன் பஸ் மாதிரி என்று ஆரம்பித்தேன். எல்லாரும் புகழும் அந்த ரெண்டாவது கிட்டாரை ஒன்பது பாட்டிலும் தேடினேன், அப்படி ஒன்று இந்த ஆல்பத்தில் இல்லவே இல்லை என்று எழுதினேன். அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆசிரியர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், நிதானமானவர். "இல்லவே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, மத்தவங்க எல்லாம் அதத்தானே கொண்டாடறாங்க? நிச்சயமாத்தானா?"

"சார், என் காதை நம்புங்க."

"நம்பறேன். நம்பாமலா இத்தன வருஷம் போடறேன்?" என்று சொல்லி அப்படியே போட்டுவிட்டார்.

நான் எதிர்பார்த்தபடி யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. கிட்டார் இல்லை என்று நான் எழுதியதை யாரும் நேர்ப் பொருளில் எடுத்துக்கொள்ளவே இல்லை. 'அந்த வாசிப்பு இருந்தும் இல்லாத மாதிரி, அவ்வளவு வெறுமை என்று எவ்வளவு நயமாகக் குட்டியிருக்கிறார்' என்று புரிந்துகொண்டார்கள். ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து முகநூலில் போட, கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர், ஒருத்தராவது தைரியமாகச் சொன்னாரே என்று தூக்கி வைத்தார்கள். நான் ஒரு வாரம் மிதந்தேன். ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காவிட்டால்கூட எரிச்சல் வரவில்லை.

எட்டாவது நாள் பாடகன் கூப்பிட்டான்.

"என்னடா எழுதி வெச்சிருக்க?"

"கேட்டத எழுதினேன்."

"பாய் ஒத்திகைக்கு வர்றதில்லடா. கிட்டாரப் போர்வைல சுத்திப் பரண்ல போட்டுட்டாராம். ஊரே பாராட்டுது, அத எல்லாம் அவர் கண்டுக்கல. நீ எழுதினதையே புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மாசக் கடைசில மெட்ராஸ்ல கச்சேரி. அவர் இல்லாம இந்த ஆல்பத்த மேடைல வாசிக்கவே முடியாது, தெரியுமா உனக்கு?"

இல்லாத கிட்டாருக்கு ஆள் எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. "ஏன்டா என்கிட்ட போட்டுக் காட்டல?" என்று மட்டும் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம பாய் உன்னைப் பாக்க வர்றாரு. அவர்கிட்டயே கேளு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த வாரம் நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. என் பழைய கிட்டார் பீரோவுக்கு மேலே இருந்தது. அதை இறக்கித் துடைத்தேன். கம்பி எல்லாம் துருப்பிடித்திருந்தது. புதுக் கம்பி வாங்கிப் போட்டேன். பாய் நின்றுவிட்டால் மாசக் கடைசிக்குள் வேறு ஆளை எங்கே தேடுவார்கள்? பழைய ஆள் இங்கேதானே இருக்கிறான்? லீவு எடுக்க எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வைத்தேன். விரல் நுனியெல்லாம் பழுத்து, சோறு பிசையும்போது எரிந்தது. "என்ன திடீர்னு?" என்றாள் மனைவி. "சும்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு பாய் வந்தார். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பேரீச்சம்பழம். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சோபாவில் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். என்னமோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை.

"என்ன பாய்?"

"சண்ட போட வரலண்ணேன்னு சொன்னேன்" என்றார் கொஞ்சம் உரக்க. "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் வந்தேன். இல்லவே இல்லன்னு எழுதியிருந்தீங்க. எந்த எடத்துலயுமே இல்லையா? ஒரு எடத்துலகூடவா ஒட்டல?"

"பாய், நான் நயமா எதையும் சொல்லல. நெஜமாவே கிட்டார் இல்ல. உங்கள எடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து போனையும் இயர்போனையும் எடுத்தார். நாலாவது பாட்டைப் போட்டு, "நான் இதுலதான் இருக்கேன். மொத்த ஆல்பத்துலயும் என்னைய எடது பக்கம் தனியா வெச்சிருக்காங்க" என்று ஒரு முனையை நீட்டினார். அவர் பக்கம் இருந்த காதில், இடது காதில், மாட்டிக்கொண்டேன்.

"ஒண்ணும் வரலையே. ஒயர் போயிருச்சு போல."

வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தானே வருது?"

மறுபடி மாட்டினேன். எங்கேயோ தூரத்தில் ஒரு கொசு. அவ்வளவுதான்.

அப்போது அவருக்குள் இருந்த மெக்கானிக் எழுந்துகொண்டார். ஏ.சி. ஓடவில்லை என்றால் மெக்கானிக்குகள் நல்ல பாகத்தைக் கெட்ட இடத்திலும் கெட்டதென்று நினைப்பதை நல்ல இடத்திலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், கோளாறு எது கூடவே நகர்கிறது என்று. அதே மாதிரி, இன்னொரு முனையைத் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, குரல் வருகிறது என்று தலையாட்டி, அதை என் இடது காதில் வைத்தார். கேட்கவில்லை. என் போனை வாங்கி அதில் செருகினார். கேட்கவில்லை. நான் வாங்கி ஒளித்து வைத்திருந்த இயர்போனைக் கொண்டு வரச் சொன்னார். அதிலும் இல்லை. "போன் நல்லாருக்கு. ஒயர் நல்லாருக்கு" என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து சுற்றி வந்து, தன் வாசிப்பு வரும் அந்த முனையை என் வலது காதில் வைத்தார்.

இருந்தது.

அது முழுசாக இருந்தது. மெட்டுக்குக் கீழே புகுந்து மேலே வந்து, சிக்கிக்கொண்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. யாரும் அதைக் குறைக்கவில்லை. எனக்கு ஒரு கணம் சோபா நகர்ந்தது. என்னால் இந்த ஜென்மத்தில் வாசிக்க முடியாத வாசிப்பு என்பது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவிதான் முதலில் பேசினாள். "ரெண்டு வருஷமா சொல்றேன் பாய்! இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டாரு. நானும் வேணும்னு பண்றாருன்னு விட்டுட்டேன். பேக்டரில அந்த மிஷினுக்கு எடது காதக் காட்டிக்கிட்டே இருபத்தஞ்சு வருஷம் நின்னா காது என்னத்துக்கு ஆகும்?"

"அட அல்லாவே, காதுதானா!" என்று பாய் சிரித்தேவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கிய மாதிரி மூச்சு விட்டார். அடுத்த நிமிடமே என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலைத் தட்டினார். "பயப்படாதீங்கண்ணே. தில்லை நகர்ல நல்ல டாக்டர் இருக்காரு, நான் ஏ.சி. போட்ட எடந்தான். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். இப்பல்லாம் சின்னதா ஒரு மிஷின் வெச்சா வெளிய தெரியவே தெரியாது. இதுக்குப் போயி நான் பத்து நாளா சோறு எறங்காமக் கெடந்தேன் பாருங்க."

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பாவம், காது போன மனுஷன் என்று அவர் ஊரெல்லாம் எனக்காகப் பேசுவார், பத்திரிகையில் ஒரு திருத்தம் போட்டால் போதும். மனைவி டீ போடப் போனாள். பாய், எந்தக் காதில் பேசினால் கேட்கும் என்று பார்த்து, என் வலப்பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், முன்னாடி ஏழு ஆல்பத்துலயும் உங்கள கொறச்சது யாருன்னு தெரியுமா?"

அவர் இயர்போன் ஒயரின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான் கொறைக்கச் சொன்னேன். அப்பல்லாம் எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேட்டுச்சு."

"தெரியும்ணே" என்றார்.

"தெரியுமா?"

"மொத ரெண்டு தடவ தெரியாது. மூணாவது ஆல்பத்துக்கு அப்புறம் தெரியும். இந்தத் தடவ உங்ககிட்ட போட்டுக் காட்ட வேணாம்னு சொன்னதே நான்தான். எனக்கு வயசாயிருச்சுண்ணே. ஒரு தடவயாவது முழுசா வெளிய வரணும்னு ஆசப்பட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதுக் கம்பியோடு பீரோவில் சாய்ந்து நின்ற என் கிட்டாரை அவர் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் எழுதினத ஏன் பாய் நம்புனீங்க? பொறாமைல எழுதறான்னு தூக்கிப் போட்டிருக்கலாமே? எதுக்குக் கிட்டார மூட்ட கட்டினீங்க?"

அவர் இயர்போன் ஒயரை விரலில் சுற்றினார். "மத்தவங்க நல்லாருக்குன்னு சொன்னா அது அவங்க நல்ல மனசுண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கொறைக்கச் சொல்றீங்கன்னா உங்களுக்கு உறுத்துதுன்னு அர்த்தம். அப்ப நான் ஏதோ ஒழுங்கா வாசிச்சிருக்கேன்னு வெச்சுக்குவேன். இத்தன வருஷம் அத வெச்சுத்தான் ஓட்டுனேன். இந்தத் தடவ நல்லா வாசிச்சிருக்கேன், மனுஷன் கத்தப் போறாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க இல்லவே இல்லன்னுட்டீங்க. சரி, பொறாமைப்படக்கூட ஒண்ணும் இல்ல போலருக்குன்னு தோணிருச்சு."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் அவர் கையிலிருந்து இயர்போனை வாங்கி வலது காதில் மாட்டிக்கொண்டு, அந்த நாலாவது பாட்டை முதலிலிருந்து போட்டேன். பதினோரு நிமிடப் பாட்டு. பாய் அசையாமல் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடத்தில் மெட்டு நின்றுபோய் அவர் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. நான் இருபது வயதிலிருந்து தேடி, கிடைக்காமல், அப்படி ஒன்று கிடையாது என்று முடிவு கட்டியிருந்த இடம். அங்கே அவர் சாவகாசமாக உட்கார்ந்து வாசித்திருந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. நெகிழ்ந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அது சுத்தமான வயிற்றெரிச்சல்.

பாட்டு முடிந்தது.

"பொறாமையா இருக்கு பாய்" என்றேன்.

"எவ்வளவு?" என்றார்.

"தாங்க முடியல."

பாய் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். போனை எடுத்துப் பாடகனைக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வந்துவிடுவதாக என் முன்னாலேயே அவனிடம் சொன்னார்.